இழுவைப் படகுக்காரரின் பேரன்

எங்கள் பட்டறையில் பல்செட் செய்வோம். பல் மருத்துவர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்பிவைப்பார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வார்ப்பை எடுப்பது ஒருவர் வேலை. அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை வரிசையாக நிறுத்துவது இன்னொருவர் வேலை. பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அக்ரிலிக் அடைத்து வேகவைப்பது, கடைசியில் அரத்தால் ராவி மெருகேற்றுவது என்று ஆளுக்கொரு மேசை. மெழுகு மேசையில் இருந்தவருக்கு மெழுகு என்றே பெயராகிவிட்டது. முதலாளியிலிருந்து கூரியர்காரர் வரைக்கும் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நான் அவரைவிடச் சின்னவன் என்பதால் 'மெழுகண்ணே' என்பேன். மெருகுச் சக்கரம் என்னுடையது. அது சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான்.

பேச்சு என்றும் அதைச் சொல்ல முடியாது. நான் பேசுவேன், அவர் மெல்லுவார்.

அவருக்கு அம்மா இல்லை. இவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்டால், "அமையல" என்பார், அவ்வளவுதான். அப்பாவும் மகனுமாக ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார்கள். அப்பா தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். சிறு வயதில் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கே தேவைக்கு மேல் பேசினால் அடி விழுமாம். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை, மகனையும் தொற்றிக்கொண்டது. "கதவைச் சாத்து", "விளக்கை அணை", "தூங்கலையா" என்கிற மூன்று வாக்கியத்தில் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது என்று மெழுகண்ணனே ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

அந்த அப்பா ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். மூன்று வாக்கியம் பேசவும் வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. விடுமுறை நாளிலும் மெழுகண்ணன் பட்டறைக்கு வர ஆரம்பித்தார். சாவி கேட்டு வாங்கிக்கொண்டு போய், தனியாக உட்கார்ந்து, திங்கட்கிழமை செய்ய வேண்டிய பற்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவைத்துவிடுவார்.

அப்பாவின் இறப்பைப் பதிவு செய்யப் போனபோதுதான் எல்லாம் தொடங்கியது. சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டிருக்கிறாள்.

"தகப்பனார் பேரு?"

"அதான் மேல சொன்னேனே."

"உங்க தகப்பனார் இல்ல சார். இறந்தவரோட தகப்பனார்."

அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னார்.

"என்ன தொழில்?"

"ஹார்பர்."

"ஹார்பர்ல என்ன?"

சான்றிதழில் துறைமுகம் என்று மட்டும்தான் இருந்தது. அப்பாவிடம் சின்ன வயதில் கேட்டபோது, "ஹார்பர்ல வேலை பார்த்தாராம். எனக்கு நெனவு தெரியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. விடு" என்று சொன்னதோடு சரி. சன்னல் பெண் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

"கோடு போட்டுட்டா தம்பி," என்றார் என்னிடம் மறுநாள். "ஒரு மனுசன் இருந்திருக்கான். அவன் இடத்துல கோடு."

அதன்பிறகு சனிக்கிழமை மதியங்களில் அவர் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தார். நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது அது. நீளமான மேசைகள், பச்சை விளக்குகள், இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிற அமைதி. பேனா உள்ளே கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். கேட்ட தொகுதியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். பழைய கையெழுத்து முதலில் அவருக்குப் புழு ஊர்ந்த மாதிரி இருந்ததாம். போகப் போகப் பிடிபட்டது. பிறப்பு, இறப்பு, திருமணம், வாக்காளர் பட்டியல், துறைமுக ஊழியர் பதிவேடு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்.

ஒரு திங்கட்கிழமை சக்கரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்படி அவர் செய்ததே இல்லை.

"கெடச்சுட்டாருடா எங்க தாத்தா," என்றார்.

அதே பெயர், அதே துறைமுகம். வேலை: இழுவைப் படகு ஓட்டுநர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைக்குள் இழுத்துவரும் சின்னப் படகு. ஒரு புயலில், கரையிலிருந்து யாரும் போகத் துணியாத நேரத்தில், இந்த மனிதர் தன் படகை எடுத்துக்கொண்டு போய், கவிழ்ந்த தோணியிலிருந்த ஆட்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். துறைமுகம் அவருக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறது. துறைமுகப் பத்திரிகையில் படகுக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நிற்கும் படம் ஒன்றும் வந்திருந்தது. நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பவர்தான் தாத்தா.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி மெழுகு மேசைக்கு மேலே ஒட்டினார்.

"மூக்கைப் பாரு. அப்படியே எங்கப்பா மூக்கு."

எனக்கு எல்லா மூக்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஆனால் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. மெழுகண்ணன் பேச ஆரம்பித்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் இப்போது அவர் பேசினார், நான் மென்றேன். இழுவைப் படகின் எஞ்சின் எப்படி, எந்தக் காற்றில் கடல் எப்படிப் புரளும், தாத்தா குடியிருந்த தெருவில் எத்தனையாவது வீடு என்றெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. கூரியர்காரரை நிறுத்திவைத்துப் புயல் கதையைச் சொல்வார். முதலாளி அவசரமாக வேலை கேட்டால், "புயல்லயே போயிட்டு வந்த வம்சம் சார், இதைச் செய்ய மாட்டோமா?" என்பார். மொத்தப் பட்டறையும் சிரிக்கும். அந்த மனிதரிடம் இப்படி ஒரு கலகலப்பு இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒன்று, படகோட்டியின் மனைவி பெயர் இன்னொன்று. "எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான். இல்லன்னா ரெண்டு கல்யாணமா இருக்கும். அந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அதைத் தாண்டிப்போனார்.

கல்லறையையும் கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே இருந்தது. புல் மண்டி, எழுத்து அழிந்து கிடந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் புல்லைப் பிடுங்கினார், கல்லைத் தேய்த்துக் கழுவினார், எழுத்துகளுக்குள் நீலப் பெயிண்ட் நிரப்பினார். இழுவைப் படகுகளுக்கு நீலப் பட்டை உண்டு என்று எங்கோ படித்திருந்தார். கல்லறைத் தோட்டக் காவலரிடம் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "எங்க குடும்பத்துலேர்ந்து யாராவது வந்தா குடுங்க" என்று சொல்லிவைத்தார். எங்க குடும்பம் என்ற சொல்லை அவர் வாயில் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அடுத்த வருடம் தொலைபேசி வந்தது. ஒரு பெண் குரல். எடுத்தவுடன், "எங்க தாத்தா கல்லறைக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்களா?" என்று கேட்டாள். படகோட்டியின் மூத்த மகள் வயிற்றுப் பேத்தி அவள். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இவர் கணக்குப்படி அத்தை மகள்.

பட்டறை விடுமா? "அத்தை பொண்ணா! மெழுகு உருகிடுச்சுடோய்" என்று பிளாஸ்டர் ஊற்றுபவர் ஆரம்பித்துவைக்க, வேகவைப்பவர் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் போய்விட்டார். அவளுக்குக் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இவர் சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள். அவருக்கும் அந்தக் கேலி பிடிக்காமல் இல்லை. ஜென்மத்தில் முதல் தடவையாக அவரைக் கேலி செய்ய ஒரு உறவுமுறை கிடைத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. "தனியாப் போனா ஒரு மாதிரி இருக்கும், நீயும் வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். புதுச் சட்டை. மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. கையில் தடித்த கோப்பு.

அந்த அம்மா வேலைச் சீருடையோடு வந்தாள். முகத்தில் கடுகடுப்பு இல்லை. மாறாக, ஆவலாகத்தான் இருந்தாள். கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். புயல் செய்தி வந்தபோது வாயில் கை வைத்துக்கொண்டாள். "இது எங்களுக்கே தெரியாதுங்க. பதக்கம் இருந்துச்சு, எதுக்குன்னு அம்மா சொன்னதில்ல." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க தாத்தாவுக்கு ரெண்டும் பொண்ணுங்க. ஆம்பளப் புள்ளையே கிடையாதே?"

"மொதல்ல ஒரு கல்யாணம் நடந்திருக்கலாம்ல," என்றார் இவர். "எங்கப்பா விடுதியில வளர்ந்தவரு. ஏதோ நடந்திருக்கு, பிரிஞ்சிருக்காங்க."

"உங்கப்பா எந்த ஊர்ல பொறந்தாரு?"

"இதே ஊருதான்."

"எந்த வருஷம்?"

சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு கைபேசியைத் திறந்து ஒரு படத்தைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ். அதே வருடம்தான், ஆனால் வேறொரு நாட்டுத் துறைமுக நகரத்தின் முத்திரை.

"எங்க தாத்தா அப்ப அங்கதான் வேலை பார்த்தாரு. கல்யாணமும் அங்கதான். இந்த ஊருக்கு வந்தது இதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு. உங்கப்பா பொறந்தப்ப அவர் இந்த ஊரைக் கண்ணால பார்த்ததில்ல."

இவர் கைபேசியைக் கையில் எடுத்தார். தேதியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடைய கோப்பிலும் படகோட்டி வேலைக்குச் சேர்ந்த தேதி இருந்தது. அதற்குமுன் இதே ஊரில் வேறெங்கோ வேலை பார்த்திருப்பார் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். அந்தச் சமாதானத்தை இப்போது அவர் எடுக்கவில்லை.

"அதே பேரு," என்றார்.

"ஆமாங்க. அந்தப் பேரு அப்ப தெருவுக்கு நாலு பேருக்கு இருந்திருக்கும்."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, நாடாவைக் கட்டி, கோப்பை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"அப்ப இது உங்களுது."

"ஐயோ, நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு..."

"எனக்கு எதுக்கும்மா? என் தாத்தா இல்லையே அவரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விடைபெறும்போது, "உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியல" என்றாள். அவர் யோசித்தார். அத்தான், மச்சான் என்று மனதுக்குள் என்னென்னவோ ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர். "சார்னே கூப்பிடுங்க," என்றார்.

பேருந்தில் அவரே இருவருக்கும் டிக்கெட் எடுத்தார்.

அவள் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படகோட்டியின் இளைய மகள், அதாவது அவளுடைய சித்தி, இன்னும் இருந்தாள். அவள் வீட்டில் குடும்பம் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரையும் வரச் சொன்னாள். இவர் போனார். என்ன நடந்தது என்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வீடு கொள்ளாத ஜனம். நல்லா கவனிச்சாங்க. நடு நாற்காலியில உட்காரவெச்சாங்க. புயல் கதையச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். பிள்ளைங்க கை தட்டுச்சுங்க. அந்தச் சித்தி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. மாப்பிள்ளை ஒருத்தர் மட்டும், 'யாரைக் கேட்டு நீலப் பெயிண்ட் அடிச்சீங்க, கல்லறைக்குக் கறுப்புதானே'ன்னாரு. மன்னிச்சுக்கங்கன்னேன். அப்புறம் எல்லாரும் போட்டோ எடுக்க நின்னாங்க. வயசு வாரியா, மொற வாரியா வரிசை. நானும் எந்திரிச்சேன். அந்த மாப்பிள்ளை போனை என் கையில குடுத்து, 'சார், நீங்களே ஒண்ணு எடுத்துடுங்களேன், அப்பதான் குடும்பத்துல யாரும் விட்டுப்போகாது'ன்னாரு. சரியான பேச்சுதானே? எடுத்தேன். நல்லா வந்திருக்கு."

மறுநாள் மெழுகு மேசைக்கு மேலே படம் இல்லை. ஒட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. கேலி பேசுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பழையபடி நான் பேசினேன், அவர் மென்றார். சனிக்கிழமைகளில் அவர் எங்கும் போகவில்லை. ஒரு மனிதனுக்குத் தாத்தா செத்த துக்கம் ஐம்பது வயதுக்கு மேல் வந்து, அந்தத் தாத்தாவும் அவனுக்குச் சொந்தமில்லை என்றால், போய் யாரிடம் துக்கம் விசாரிப்பது?

மறுபடி கிளப்பிவிட்டவள் அந்த எக்ஸ்ரேக்காரிதான். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். சார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. "நான்தான் பேசறேன்" என்று மட்டும் ஆரம்பித்தாளாம்.

"உங்கப்பாவை விடுதியில விட்டாங்கன்னா, அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாமப் போயிருக்கணும். சின்ன வயசுக்காரங்க ரெண்டு பேரு ஒரே சமயத்துல போறதுன்னா, அந்தக் காலத்துல பெரும்பாலும் காசநோய்தான். துறைமுகத்து ஆளுங்களுக்குன்னு ஒரு நெஞ்சாஸ்பத்திரி இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா நோயாளிங்க பதிவெல்லாம் அந்தக் காப்பகத்துக்குத்தான் போச்சு. பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. படகோட்டி கிடைத்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போனார். இந்தத் தடவை அவர் முதலில் தேடியது பாட்டியின் பெயரை. சான்றிதழில் எழுதுனவன் தப்பாக எழுதியதாக இவர் முடிவுகட்டியிருந்த அதே பெயர். அது இருந்தது. பெண்கள் பகுதியில் சேர்க்கப்பட்டவள், வயது இருபத்துநான்கு. கணவன்: ஆண்கள் பகுதியில் ஏற்கனவே சேர்க்கப்பட்ட இன்னார். அந்த இன்னாரும் இருந்தார், அதே பெயரோடு. துறைமுகக் கிடங்கில் காவலர். பிள்ளை ஒன்று, ஆண், விடுதிக்கு அனுப்பப்பட்டது. முதலில் அவர் இறந்தார். அடுத்த கோடைக்குள் அவளும். இருவரையும் ஆஸ்பத்திரியே அடக்கம் செய்திருந்தது. இடம் குறிப்பிடப்படவில்லை. பார்க்க வந்தவர்கள் என்று ஒரு பத்தி உண்டு. அவருடைய பக்கத்தில் ஆரம்பத்தில் அவள் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவளும் நோயாளியாகச் சேர்ந்த பிறகு யார் பெயரும் இல்லை. அவளுடைய பக்கத்தில் முதலிலிருந்தே யார் பெயரும் இல்லை.

"எங்கப்பா எதையும் மறைக்கலடா," என்றார் என்னிடம். பல் ஒன்றை மெழுகில் நிறுத்திக்கொண்டே சொன்னார், கை நின்றுவிட்டது. "நான் இவ்வளவு நாளா அந்தாளு மனசுல எதையோ போட்டுப் பூட்டிவெச்சிருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவருக்கே தெரியாது. 'விடு'ன்னு சொன்னது என்கிட்ட இல்ல, அவருகிட்டயே சொல்லிக்கிட்டது."

மேற்கொண்டு தேட எதுவும் இருக்கவில்லை. அந்தக் கிடங்குக் காவலருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் பதிவாகவில்லை. பாட்டி பக்கமும் அப்படியே. புயல் இல்லை, பதக்கம் இல்லை, படம் இல்லை. மூக்கு எப்படி இருந்தது என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. வம்சம் என்று பார்த்தால் கடைசி ஆள் மெழுகண்ணன்தான். "கடையச் சாத்திட்டுப் போற ஆளு நானு" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நெஞ்சாஸ்பத்திரிக் கட்டடம் இப்போது கல்லூரி. ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லீங்க. எங்க தாத்தா இங்க இருந்தாரு."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"இது ஆஸ்பத்திரியா இருந்தப்ப. நோயாளியா இருந்தாரு. பாட்டியும்."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "வகுப்பு நடக்குற பக்கம் போகாதீங்க" என்று விட்டுவிட்டார்.

இரண்டு நீளக் கட்டடங்கள், நடுவில் முற்றம். நோயாளிகளுக்குக் காற்றும் வெயிலும் படவேண்டும் என்று இரண்டிலும் அகலமான தாழ்வாரம் வைத்துக் கட்டியிருந்தார்கள். எது ஆண்கள் பகுதி, எது பெண்கள் பகுதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வரைபடத்தைக் காப்பகத்திலேயே பார்த்திருந்தார். ஆண்கள் பக்கத்துத் தாழ்வாரத்தில் போய் நின்றார். எதிர்த் தாழ்வாரம் தெளிவாகத் தெரிந்தது. அங்கே யார் நிற்கிறார்கள் என்று முகம் தெரியும். நோயாளிக் குரலில் கூப்பிட்டால் கேட்காது, கையசைத்தால் தெரியும். அந்தத் தூரம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அங்கிருந்தும் பார்த்தார். பிறகு அங்கேயே கிடந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அழுதீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லடா. அழுகை வரும்னு நெனச்சேன், வரல. சும்மா உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வருஷத்துல அவங்களப் பார்க்க ஒரு ஆளு வந்திருக்கே, அதுபோதும்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பசங்க பரீட்சைக்குப் படிக்க வந்தாங்க. 'சார், கொஞ்சம் நகந்து உட்காருங்க'ன்னாங்க. நகந்து உட்கார்ந்தேன். மணியடிக்கிற வரைக்கும் அவங்க படிச்சாங்க, நான் எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்."